முப்பத்தைந்தாவது சுவிட்ச்

பிப்ரவரி 9

மின்பணியாளர் அவர்களுக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. நம் சபையின் ‘படைப்பைப் பேணும் குழு’ எழுதுகிறது. நான் அதன் செயலாளர். கையெழுத்து அழகாக இருக்கிறதாம், அதனால் என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த நீளப் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது குப்பைக் கமிட்டிதான்.

புது வருஷ ஆராதனையில் போதகர், “பூமி நம்ம சொத்து இல்ல. பத்திரமாப் பாத்துக்கங்கன்னு நம்ம கையில குடுத்தது. நாம என்னடான்னா வாடகை வீட்டுச் சுவர்ல ஆணி அடிக்கிற மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கோம்” என்றார். மறுவாரமே கமிட்டி. அதன்பின் ஆராதனை முடிந்து டீ குடிக்கக் காகிதக் கப் கிடையாது, அவரவர் வீட்டு டம்ளர். பீடத்தில் இருந்த பிளாஸ்டிக் பூக்களை எடுத்துவிட்டுத் தொட்டிச் செடி வைத்தோம். பேனர் எல்லாம் இனி துணியில். தையல்காரி நான் இருக்கும்போது அதற்கு வெளியே போவானேன்?

மின்சாரத்தில்தான் மாட்டிக்கொண்டோம். கமிட்டித் தலைவி நம் கணக்கு டீச்சர். ஆராதனைக்கு முன்னும் பின்னும் போய் மீட்டரைப் பார்த்துக் குறித்து வந்தார். “ரெண்டு மணி நேரத்துல நாம எரிக்கிறது ஒரு சின்ன வீட்டுக்கு மூணு நாளைக்கு வரும். இருக்கிறது எழுபது பேர்!” என்றார். சரி, வேண்டாததை அணைப்போம் என்று போர்டுக்கு முன்னால் போய் நின்றால் முப்பத்துநாலு சுவிட்ச். ஒன்றின் மேலும் ஓர் எழுத்து இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒயர் இழுத்தவர் நீங்கள். எது எதற்கு என்பது உங்கள் மண்டைக்குள் இருக்கிறது. நீங்கள் போனதிலிருந்து காவல்காரர் இரண்டு உள்ளங்கையாலும் ஒரே தேய்ப்பாகத் தேய்த்து எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்.

“எலக்ட்ரீஷியன் வீட்டுக்காரம்மா நீங்கதானே, கேட்டுச் சொல்லுங்க” என்றார் டீச்சர். தலையாட்டினேன். போன செப்டம்பரில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டி நீங்கள் கையெழுத்துப் போட்டதும், அந்தச் சேதியை உங்கள் அக்கா சொல்லி நான் தெரிந்துகொண்டதும், “இனிமே போன் பண்ணாதீங்க, சொல்றதுன்னா எழுதுங்க” என்று நான் போனை வைத்ததும் கமிட்டிக்குத் தெரியாது. ஐந்து மாதமாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதும் தெரியாது.

போர்டின் படம் வரைந்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

பி.கு. மொட்டைமாடித் தொட்டியின் குழாயை நானே மாற்றிவிட்டேன். இங்கே ஒரு குறையும் இல்லை.

*

சுரங்க முகாம்
பிப்ரவரி 25

செயலாளர் அவர்களுக்கு,

படம் மறுபக்கத்தில். இடமிருந்து வலம் எண் போட்டிருக்கிறேன். 1 முதல் 6 வரை பீடம். 7 மைக். 8 முதல் 20 வரை முன்பாதி விளக்கும் ஃபேனும். 21 முதல் 34 வரை பின்பாதி.

ஏன் எழுதி ஒட்டவில்லை என்று கேட்பீர்கள். மறந்துபோய் அல்ல. எழுதி ஒட்டிவிட்டால் அப்புறம் யார் என்னைக் கூப்பிடுவார்கள்? ஒவ்வொரு பண்டிகைக்கும் “அண்ணே, எது எதுன்னு வந்து சொல்லுங்க” என்று ஆள் அனுப்புவார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி டூல்ஸ் பையோடு போவேன். அந்த அற்பப் பெருமைக்காகத்தான். கமிட்டி மன்னிக்கவும்.

என் யோசனையையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சை எண்ணிப் பயனில்லை. நம் ஆட்கள் உட்காரும் விதம்தான் கோளாறு. முந்நூறு பேர் கொள்ளும் மண்டபத்தில் எழுபது பேர் மூலைக்கு மூலை. பெஞ்சைப் பத்திரம் பதிந்து வாங்கியது போல ஆளுக்கொரு பெஞ்ச். அவரவர் தலைக்கு மேல் ஒரு ஃபேன். மோட்சத்துக்கு வா என்றால் வருவார்கள், முன் பெஞ்சுக்கு வா என்றால் வரமாட்டார்கள். எல்லாரையும் முன்னால் எட்டு பெஞ்சுக்குள் கொண்டுவாருங்கள். பின்பாதியின் பியூஸ் கட்டைகளை உருவி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டுங்கள். அன்றைக்கே மீட்டர் பாதியாகும்.

கமிட்டிக்கு எழுதியது இதோடு முடிந்தது. இதற்குக் கீழே கமிட்டிக்கு அல்ல.

ஊசிக்கு,

பெட்டிக்கடையில் பேசுகிற மாதிரி மேலே பேசிவிட்டேன். உனக்கு எழுதும்போதுதான் கை ஓடவில்லை. ஐந்து மாதத்தில் எத்தனை தடவை ஆரம்பித்துக் கிழித்தேன் என்று கேட்காதே. புதன்கிழமை சாமான் லாரியில் தபால் வரும். சமையல்காரர் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, வீட்டுக் கடுதாசி!” என்று கரண்டியோடு ஓடிவந்தார். உள்ளே பார்த்தால் ‘மின்பணியாளர் அவர்களுக்கு’. இருந்தாலும் மூன்று தடவை படித்தேன்.

உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டது தப்பு. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எழுதத் தைரியம் வரவில்லை.

முழங்கால் வலி எப்படி? மெஷினை மிதிக்காதே, மோட்டார் மாட்டிக்கொள் என்று சொல்லியிருந்தேனே.

*

மார்ச் 13

என்னங்க,

கமிட்டிக்கு அல்ல என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஆயிற்றா? படத்துக்கு நேர் பின்பக்கம் முழங்கால் வலி! படத்தைக் கொடுத்தால் என் முழங்காலும் கமிட்டிக்குப் போகும். துணியில் அடையாளம் போடுகிற பல்சக்கரத்தையும் கார்பன் தாளையும் வைத்து முப்பத்துநாலு கட்டத்தையும் நகல் எடுத்தேன். ரவிக்கை அளவு எடுத்தவளைச் சர்க்யூட் எடுக்க வைத்துவிட்டீர்கள். உங்கள் காகிதம் என் ஊசிப் பெட்டியில் இருக்கிறது.

யோசனையைப் படித்துக் காட்டினேன். டீச்சர், “இது கணக்கு!” என்று மேஜையைத் தட்டினார். வாட்ச் ரிப்பேர்காரர் மட்டும், “இருபது வருஷமா நான் தூணுக்குப் பின்னால உக்காந்தவன், போதகர் முகத்தையே பாத்ததில்ல, இப்ப போய்...” என்று இழுத்தார். எல்லாரும் சிரித்தார்கள், தீர்மானம் நிறைவேறியது. என் கையால்தான் எழுதினேன்: ‘இனி யாவரும் முதல் எட்டு பெஞ்சுகளில் அமர்வது. பின்பாதி மின்சாரம் துண்டிக்கப்படும்.’ எழுத்து கோணவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நான் எங்கே உட்காருகிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா?

இடது பக்கம், கடைசிக்கு முந்தின பெஞ்ச். நாம் உட்கார்ந்த அதே இடம். நடைபாதை ஓரத்தில் உங்கள் பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு அதற்கு உள்ளே நான். இரண்டரை வருஷமாக ஒரு ஞாயிறு தவறவில்லை. ஈஸ்டருக்குக் கூட்டம் நெரிந்தபோதும் அந்தப் புத்தகத்தை யாரும் நகர்த்தவில்லை. “அது எலக்ட்ரீஷியன் இடம்” என்று நின்றுகொண்டே பாடிவிட்டுப் போனார்கள். தலைக்கு மேல் நீங்கள் மாட்டிய ஃபேன் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த மனுஷன், பெண்டாட்டி தலைக்கு மேல் இருந்த டக் டக்கை நாளைக்கு நாளைக்கு என்றே விட்டுவிட்டுப் போனீர்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அது இல்லாமல் எனக்கு ஜெபம் ஓடுவதில்லை.

அந்தப் பெஞ்சுக்குத்தான் உங்கள் கையாலேயே பியூஸைப் பிடுங்கச் சொல்லி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

போன ஞாயிறு எல்லாரும் முன்னால் போனார்கள். நான் போகவில்லை. அரை இருட்டில், காற்றில்லாமல், வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன். போதகர் பிரசங்க மேடையிலிருந்து என்னையே பார்த்தார். தொண்ணூற்றொன்பது ஆடும் முன்னால், ஒன்று மட்டும் பின்னால். காணாமல்போன ஆட்டைப் பற்றித்தான் பேசப்போகிறாரோ என்று பயந்துவிட்டேன். தீர்மானத்தை எழுதியவளே மீறினால் ஊர் சிரிக்காதா? தெரியும். ஆனாலும் எழுந்து போகக் கால் வரவில்லை.

காரணம் இருக்கிறது என்று எழுதினீர்கள். அதை எழுதுங்கள். கிழிக்காமல் எழுதுங்கள்.

*

சுரங்க முகாம்
மார்ச் 29

ஊசி,

சத்தியமாகத் தெரியாது. நான் போனபின் நீ உன் தங்கை குடும்பத்தோடு முன்னால் போய் உட்கார்ந்திருப்பாய் என்றே நினைத்தேன். கடிதத்தைப் படித்துவிட்டுப் பேனல் அறையில் போய் நின்றேன். முந்நூறு சுவிட்ச் இருக்கிற அறை அது. எதற்காக வந்தேன் என்று ஞாபகம் வரவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். சிரிக்காதே.

போன செப்டம்பர் வரை நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ‘குழாய் ஒழுகியது, நானே சரி பண்ணினேன். கதவுத் தாழ்ப்பாள் மாற்றியாயிற்று. கடையில் ஆர்டர் நிறைய. இங்கே ஒரு குறையும் இல்லை.’ ஒவ்வொன்றின் கடைசி வரியும் இதுதான். படித்துப் படித்து எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவன் போயும் ஒரு குறையும் இல்லை என்றால், அவன் இருந்தபோது என்ன பெரிதாகச் செய்துவிட்டான்? இங்கே பம்பு நின்றால் நான் வேண்டும். லிஃப்ட் நின்றால் நான் வேண்டும். “அண்ணே, அண்ணே” என்று நாள் முழுக்கக் கூப்பிடுகிறார்கள். ஒப்பந்தத்தை நீட்டட்டுமா என்று மேனேஜர் கேட்டபோது, தேடுகிற இடத்தில் இருப்போமே என்று போட்டுவிட்டேன். உன்னிடம் கேட்டால், ‘போங்க, நான் சமாளிச்சுக்குவேன்’ என்று சொல்லிவிடுவாயோ என்றும் பயம். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை.

என் புத்தகம் அங்கே பெஞ்சில் இருந்திருக்கிறது. அது தெரிந்திருந்தால் நான் எதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்?

யாருக்கும் தெரியாத ஒன்று சொல்கிறேன். நம் பெஞ்சுக்கு மேலே இருக்கிற அந்த ஃபேன் போர்டிலிருந்து மட்டும் ஓடுவதில்லை. அதற்குத் தனியாக இன்னொரு லைனும் உண்டு. பாட்டுப் புத்தக அலமாரிக்குப் பின்னால், தூணில், கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. முப்பத்தைந்தாவது. உனக்குக் காற்று இல்லாவிட்டால் தலை கிறுகிறுக்கும் என்று உனக்கென்று இழுத்தது. பின்பாதி பியூஸை உருவினாலும் அது ஓடும். போட்டுக்கொள். ஒரே ஒரு ஃபேன், கமிட்டி மூழ்கிவிடாது.

முன்னால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லக் கை வரவில்லை.

*

ஏப்ரல் 16

என்னங்க,

அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். இருந்தது. பதினோரு வருஷமாக என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னீர்களா? நான்தான் ஒரு குறையும் இல்லை என்று எழுதுகிறவள் என்றால் நீங்கள் எனக்கு மேல். நல்ல ஜோடி.

போன ஞாயிறு ஜெப நேரத்தில் அதைப் போட்டேன். மைக்கையும் இப்போது அணைத்துவிட்டார்கள், எல்லாரும் பக்கத்தில் இருப்பதால் தேவைப்படவில்லை. அவ்வளவு அமைதி. அதில் உங்கள் ஃபேன் டக், டக், டக் என்று ஆரம்பித்தது. எழுபது தலையும் ஒன்றாகத் திரும்பின. டீச்சர் மூக்குக் கண்ணாடியை இறக்கி மேலே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கரண்டே இல்லாத இடத்தில் ஒற்றை ஃபேன் சுற்றுகிறது! கீழே கமிட்டிச் செயலாளர்! காவல்காரர், “அம்மா, அற்புதமா?” என்று கேட்டேவிட்டார்.

பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. எழுந்து அணைத்தேன். சத்தம் நின்றது. நின்றதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இரண்டரை வருஷமாக நான் யாருக்கு இடம் வைத்திருந்தேன்? புத்தகத்துக்குத்தானே? இவ்வளவு பெரிய மண்டபம் காலியாகக் கிடக்கிறது, அதில் ஒரு ஆள் இடத்தைக் காவல் காத்தால் நீங்கள் வந்துவிடுவீர்களா? உங்கள் புத்தகத்தை எடுத்தேன். நடந்தேன். அந்த நடைபாதை அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்யாணத்தன்று நடந்தபோதுகூட அப்படி இல்லை. அன்றைக்கு அந்தக் கோடியில் நீங்கள் நின்றீர்கள்.

மூன்றாவது பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்கள். ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. பக்கத்தில் வாட்ச் ரிப்பேர்காரர். உங்கள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன், அவர் தன் புத்தகத்தை மறந்துவிட்டு வந்திருந்தார் போல, எட்டிப் பார்த்தார். விரித்துக் கொடுத்தேன். இத்தனை நாளும் யாரையும் தொடவிடாத புத்தகம், அவர் கட்டைவிரல் பட்டுத் திறந்தது. பாட்டு ஆரம்பித்தார்கள். எல்லாரும் சேர்ந்து பக்கத்தில் பாடினால் எப்படி இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மூலைக்கு மூலை உட்கார்ந்து பாடியபோது ஊமைகள் மாதிரி இருப்போம். இப்போது நெஞ்சு அதிர்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். வாட்ச் ரிப்பேர்காரர் என் பக்கம் திரும்பாமலே, “இங்க காத்து நல்லாத்தாம்மா வருது” என்றார். நல்ல மனுஷர்.

ஆராதனை முடிந்ததும் டீச்சரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மீட்டர் பாதிக்கும் கீழே வந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தார். “அந்த மனுஷன் ஒளிச்சு வெச்சதுலயும் ஒரு நியாயம் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஒரு குறையும் இல்லை என்று எழுதியதெல்லாம் பொய். நீங்கள் அங்கே நிம்மதியாகச் சாப்பிடவேண்டும் என்று எழுதினேன். குழாயை மாற்றிய அன்று முழுக்க நனைந்து, மொட்டைமாடியிலேயே உட்கார்ந்து உங்களைத் திட்டினேன். சாப்பாட்டு மேஜையில் உங்கள் நாற்காலியில் துணிகளை மடித்து வைக்கிறேன், காலியாகப் பார்க்க முடியவில்லை. எல்லாமே குறைதான். பம்பு நின்றால் நீங்கள் வேண்டும் என்று அவர்களுக்கு. எதுவும் நிற்காவிட்டாலும் நீங்கள் வேண்டும் என்று எனக்கு. இதை எழுதிக் கேட்க வைத்துவிட்டீர்களே, பாவி மனுஷா. வாருங்கள்.

முப்பத்துநாலு சுவிட்சுக்கும் வெள்ளைத் துணியில் நீல நூலால் பெயர் தைத்து மேலே ஒட்டிவிட்டேன். பீடம், மைக், முன்வரிசை எல்லாம் ஆயிற்று. இனி அங்கே உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். தூணில் இருக்கிற அந்த ஒன்றுக்கு மட்டும் துணி வெட்டி வைத்திருக்கிறேன். என்ன தைப்பது என்று தெரியவில்லை.

*

சுரங்க முகாம்
மே 3

ஊசி,

லாரி இன்னும் அரை மணியில் கிளம்புகிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

மேனேஜரிடம் போய் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்கிறேன் என்றேன். “நீங்க போயிட்டா இந்தப் பேனல் யாருக்குப் புரியும்?” என்றார். நியாயமான கேள்வி. இங்கேயும் நான் ஒன்றின் மேலும் எழுதி வைக்கவில்லை. பிறவிக் குணம்.

பத்து நாளாக எழுதினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு சுவிட்ச். எது எதற்கு, எதை முதலில் அணைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது, எல்லாம். நேற்று மாலை கடைசிச் சீட்டை ஒட்டினேன். இன்று காலை மூன்றாம் நம்பர் பம்பு நின்றது. நான் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் சமையல்காரர் சீட்டைப் படித்துப் பார்த்துச் சுவிட்சைப் போட்டிருந்தார். சமையல்காரர்! கரண்டி கையிலேயே இருந்தது. “அண்ணே, நீங்க போய் டீ குடிங்க” என்றார்.

போன வருஷம் என்றால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. இன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

மே முப்பத்தொன்றாம் தேதி சாமான் லாரியிலேயே ஏறிவிடுவேன். அந்தத் துணியில் ஒன்றும் தைக்காதே. ஃபேனைக் கழற்றி, எண்ணெய் விட்டு, முன்பக்கத்துக்கு மாற்றிவிடலாம். டக் டக் வேண்டுமென்றால் அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஒரே கவலை. மூன்றாவது பெஞ்சில் இடம் இருக்கிறதா?

*

மே 17

மின்பணியாளர் அவர்களுக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

தங்கள் மே 3 தேதியிட்ட விசாரிப்பு கமிட்டியின் முன் வைக்கப்பட்டு, கீழ்க்கண்ட தீர்மானம் எடுக்கப்பட்டது:

‘மூன்றாவது பெஞ்சில் வாட்ச் ரிப்பேர்காரர் ஒரு ஆள் இடம் நகர்ந்து உட்காருவது. பாட்டுப் புத்தகத்தை மூன்று பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்வது.’

கூட்டத்துக்கு வந்திருந்தது நான் ஒருத்திதான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வாட்ச் ரிப்பேர்காரருக்கு இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஊசி

பி.கு. நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டேன்.